வில்லனுக்கு ஒரு மெழுகுவத்தி

"சூப்பர்ஹீரோ படத்து வில்லன் பொழைச்சு வரணும்னு வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவத்தியா? இன்னாடி இது!" பக்கத்து வீட்டு ரிஹானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செலினுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பாகத்தில் அந்த வில்லன் எரிமலைக்குள் விழுந்ததிலிருந்து அவள் புருஷன் ஆரோக்கியதாஸ் சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

அன்று மாலை இரண்டாம் பாகத்தின் ட்ரெய்லர் வந்தது. அதன் கடைசியில், கரிந்த முகத்தோடு அவன் வந்து நின்றான்.

"ஏங்க, வந்துட்டான்!" என்று செலின் கத்த, ஆரோக்கியதாஸ் அவளைத் தூக்கிச் சுற்றினான்.

"கெட்டவன் வந்தா உங்களுக்கு இன்னா?" என்றாள் ரிஹானா.

"தமிழ்ல அவனுக்குக் கொரல் குடுத்ததே இவருதான்டி. அதுக்கப்புறம் ஒருத்தரும் கூப்புடல."

ஆரோக்கியதாஸ் உடனே சென்னை டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் மேனேஜர் பேசினார்.

"ஆமாப்பா, படம் முழுக்க வரான். ஆனா தொண்டை வெந்துபோச்சாம், பேசவே மாட்டான். கடைசியில ஒரே ஒரு அலறல்தான். அதை இங்கிலீஷ்லயே விட்டுடலாம்னு சொல்லிட்டாங்க."