கங்காணி இல்லாத வேலை

தேயிலைக் கொழுந்தை எடை போட்டு முடித்ததும், அம்மாக்கண்ணு வெற்றுக் கூடையைக் கங்காணி சிவசாமியின் காலடியில் வீசினாள்.

"இந்தாங்க கங்காணியாரே, உங்க கூடை! நாளையிலேர்ந்து எனக்கு ஈப்போ டவுன்ல எலக்ட்ரானிக் கம்பெனியில வேலை. அடுத்தடுத்துக் கட்டடம் எழுப்பறாங்க, ஆள் பத்தல லா! இனிமே உங்க மூஞ்சியில எந்த நாய் முழிக்கும்?"

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனாலே கூலியை வெட்டுகிற மனிதர், அன்றைக்குக் கோபமே படவில்லை.

"சந்தோஷமாப் போ, தாயி" என்றார்.

அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. காறித் துப்பிவிட்டு லயத்து வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை, எஸ்டேட்டை ஒட்டிய கம்போங் ராஜா சாலையில் கம்பெனி வேன் வந்து நின்றது. பெட்டியோடு ஏறப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு சிவசாமி உட்கார்ந்திருந்தார்.

"ஏறு, ஏறு. அங்கேயும் நான்தான் உங்களுக்கு சூப்பர்வைசர். உனக்குத்தான் நன்றி சொல்லணும், புள்ள. ஏன் எஸ்டேட்ட விட்டு வர்றேன்னு இன்டர்வியூல கேட்டதுக்கு, 'எங்க கங்காணி ஒருத்தியையும் தலைநிமிர விடமாட்டாரு'ன்னு மேனேஜர்கிட்ட அழுதியாமே? அப்படி ஒரு ஆளைத்தான் அவங்க தேடிக்கிட்டு இருந்தாங்களாம்."