உள்ளங்காலில் முத்தம்

அநாதை இல்லத்தில் வளர்ந்து, எழுபது வயதிலும் ஒண்டிக்கட்டையாக இருந்த தேவசகாயம், நடைபாதைக் கடையில் ஒரு வண்ணப்படம் வாங்கிச் சுவரில் மாட்டினார். தாய் ஒருத்தி குழந்தையின் உள்ளங்காலில் முத்தமிடும் படம்.

"எங்கம்மா. காலை ஆட்டுறது நான்தான். அந்த உதையில அம்மாவுக்கு ரெண்டு பல்லு போச்சு!" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார். வருகிறவர்கள் என்றால், தண்ணீர் கேன் போடும் செல்லப்பா ஒருவர்தான்.

ஒருநாள் கேனை இறக்கிவைத்த செல்லப்பா, படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"சார், இதே படம் எங்க வீட்லயும் மாட்டியிருக்கு."

தேவசகாயத்தின் முகம் செத்துப்போயிற்று. ஒரு நிமிடம்தான்.

"அப்படின்னா நீ என் தம்பிடா!"

"படத்துல ஒரு குழந்தைதானே சார் இருக்கு?"

"நீ அப்பப் பொறக்கலைடா. உட்காரு, சோறு போடுறேன்."

செல்லப்பா வாசலில் கேன்களோடு நின்ற தன் வண்டியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "சரிண்ணே, போடுங்க" என்று உட்கார்ந்தார்.