நிற்கும் உத்தியோகம்

பெண் கேட்டு வந்தவனைப் பெண்ணின் அப்பா உட்காரச் சொல்லவில்லை. கூடத்தில் நாற்காலிகள் இருந்தன. எல்லாம் காலியாகவும் இருந்தன.

"நில்லு தம்பி. உனக்குப் பழக்கம்தானே?" என்றார்.

அவன் நின்றான். பழக்கம்தான். உத்தியோகமே அதுதான்.

ஊரை ஒட்டியிருந்த பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் ஒருவராவது வேலை செய்யாத வீடு அங்கே கிடையாது. கூட்டமில்லாத ராட்டினத்தில் யாரும் ஏறுவதில்லை என்பதைக் கண்டுபிடித்த நிர்வாகம், வரிசையில் நிற்பதற்கென்றே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. கடைசியில் சேர்ந்து, ஆவலோடு நகர்ந்து, முன்னால் வந்ததும் ஏறாமல் மறுபடி கடைசிக்குப் போய்விட வேண்டும். ஆவல் குறையக் கூடாது.

"நிக்கிறதுக்கு ஒரு சம்பளம்," என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார் பெண்ணின் அப்பா. "பிரமோஷன் கிடைச்சா உட்கார விடுவாங்களா?"

"இல்ல சார். பேய் வீட்டு வரிசைக்கு மாத்துவாங்க. அங்க பயந்துகிட்டே நிக்கணும். அதுக்கு அனுபவம் வேணும்."

வீட்டில் வேறு யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். அம்மா மட்டும்தான் என்றும், வெளிவாசலில் நின்று, வீடு திரும்புகிறவர்களுக்குக் கையசைப்பது அவள் வேலை என்றும் அவன் சொன்னான். அதில் கையாவது அசைகிறதே என்றார் அவர்.

உள்ளறை வாசலில் நின்ற பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் அதே பூங்காவில் பலூன் விற்பவள். இவனைத் தவிர யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அப்பா சம்மதிக்காமல் நடக்காது என்று அம்மாவும் சொல்லியாயிற்று. அப்பாவின் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காக மூவரும் காத்திருந்தார்கள்.

"நம்ம அந்தஸ்து என்ன, இவன் வேலை என்ன? நான் பார்க்ல எவ்வளவு பெரிய பொறுப்புல இருக்கேன். ஒரு நாள் நான் அசையலைன்னா ஊர்வலமே நின்னுடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. மாலை ஊர்வலத்தில் வரும் துணி யானைக்குள் இரண்டு ஆட்கள் உண்டு. முன்பாதி ஆளுக்குத் தும்பிக்கையும் வெளிச்சமும் கிடைக்கும். பின்பாதி ஆள் குனிந்து, முன்பாதியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் நடக்க வேண்டும். இவர் பல ஆண்டுகளாகப் பின்பாதி. வேடத்துக்குள் இருப்பது யார் என்பதைப் பெற்ற தாயிடமும் சொல்லக் கூடாது என்பது பூங்காவின் சட்டம். ஆகையால் வீட்டைப் பொறுத்தவரை அவர் நிர்வாகத்தில் இருந்தார்.

போன மாதம் அந்த நிர்வாகத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. வெயில் தணியாத ஒரு மாலை, பூங்காவின் பொம்மைக் கோட்டை வாசலுக்குள் யானை நுழையும்போது அவருக்குக் கண் இருண்டது. யானைக்குள் எப்போதும் இருட்டுதான் என்பதால், மயக்கம் வருகிறது என்பதே அவருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. விழித்தபோது மதிலோர நிழலில் கிடந்தார். நெற்றியில் யாருடையதோ ஈரக் கைக்குட்டை. யானையோ பின்கால்கள் சகிதம் முழுதாக நடந்து, ஊர்வலத்தை முடித்து, கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்தது யார் என்று முன்பாதியைக் கேட்டார். யாரோ ஒருத்தர், தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றான் அவன். விஷயம் மேலே தெரிந்திருந்தால், வயதாகிவிட்டது என்று அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும் என்று, படுக்கப் போகும்போதெல்லாம் அவர் நினைத்துக்கொள்வார்.

இப்போது அவர் கடைசி அம்பை எடுத்தார்.

"நிக்கிற வேலையையாவது ஒழுங்கா பார்த்தியா? போன மாசம் வரிசையை விட்டுட்டு எங்கேயோ ஓடிட்டியாமே. ஊரே சிரிக்குது."

அதுவும் உண்மைதான். தண்டனையாக அவனை ஒரு வாரம் கழிப்பறை வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வரிசைக்குச் சம்பள ஆள் அதுவரை தேவைப்பட்டதே இல்லை.

"ஆமா சார். தப்புதான்," என்றான் அவன்.

ஏன் போனாய் என்று பெண்ணின் அம்மா வாயால் கேட்டாள். பெண் கண்ணால் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வாயைத் திறக்கிறானா பாரு. நிக்கக்கூடத் துப்பில்லாதவனுக்கு என் பொண்ணு கிடையாது. கிளம்பு."

பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அந்தக் கதவைத் தட்டப் போனாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். ஜெயித்தவருக்கு ஆசை அடங்கவில்லை. வாசல்வரை பின்தொடர்ந்து வந்தார்.

"இப்பவாவது சொல்லேன். வேலையை விட்டுட்டு அப்படி எங்கதான் போனே?"

அவன் அவர் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பெண்கள் இருவருக்கும் கேட்காது என்று தெரிந்த பிறகே குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"இடுப்பை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதேன்னு முன்பாதி அண்ணன் திட்டிக்கிட்டே வந்தார் சார். உள்ளே ஒண்ணுமே தெரியலை. எப்படித்தான் இத்தனை வருஷமா நடக்கிறீங்களோ."

சொல்லிவிட்டு, ஏதோ பிழை செய்தவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் அவனையே பார்த்தபடி நின்றார். அவருக்கு நின்று பழக்கமில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மாடி, ஒரு நாற்காலி கொண்டு வா. மாப்பிள்ளை ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருக்கார்."