முந்நூறு சதவீதம்

மாமனாருக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது, பிடிஎஃப் எல்லாம் வீட்டுக் கணினியின் பிரவுசரிலேயே இருநூறு சதவீதத்தில் பெரிதாகத் திறக்கும்படி மருமகள்தான் மாற்றிக் கொடுத்தாள். அவர் இறந்த பிறகு அதை நூறாகக் குறைத்தாள். மறுநாள் திறந்தால் மறுபடி இருநூறு. குறைப்பதும் அது ஏறுவதுமாக ஒரு வாரம் கழிந்தது. அவளுக்கு வேலையே ஓடவில்லை.

"பழைய செட்டிங் எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கும், விடு" என்றான் கணவன்.

"ஒட்டிக்கிட்டிருக்க அது என்ன பசையா?"

எரிச்சலில் பிரவுசரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

இன்று காலை அலுவலகக் கோப்பைத் திறந்தாள். முந்நூறு. திரை முழுக்க நான்கே சொற்கள்.

குறைக்கப் போன விரல் அப்படியே நின்றது.

"கண்ணு இன்னும் மங்கிக்கிட்டே போகுதா, மாமா?"

கேட்ட பிறகுதான் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை என்பது உறைத்தது.