இரண்டு இன்ச் துணி

முதல் விக்கல் வந்ததும் டப்பாவை மூடிவிட்டேன். அரை முட்டை மிச்சம்.

பத்து மாதத்துக்கு முன்பு டாக்டர் என் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கி அனுப்பினார். அன்றிலிருந்து விக்கல்தான் எனக்கு மேலதிகாரி. அது போதும் என்றால் போதும். பேச்சுக்கே இடமில்லை.

பஸ் டிப்போ ஓய்வறையில் மற்ற டிரைவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவி, அரட்டையில் இரண்டாவது சுற்றுக்கு வந்திருந்தார்கள். நான் அப்போதுதான் முடித்தேன். ஒரு வாய்க்கு இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் கிடையாது. முதலில் மீனோ முட்டையோ, பிறகுதான் மற்றது. எல்லாம் சேர்ந்து ஓர் உள்ளங்கை அளவு டப்பா.

"என்னக்கா, கிளிக்கு வைக்கற மாதிரி இருக்கே," என்றான் எதிரில் இருந்த மெக்கானிக். தினமும் இதையேதான் சொல்வான்.

கிளி பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை ஓட்டுமா என்று கேட்டேன்.

ஆரம்பத்தில் தடுமாறத்தான் செய்தேன். வயிறு சுருங்கினாலும் கண் சுருங்கவில்லை. பழைய கணக்கில் தட்டை நிரப்பிக்கொண்டு, நாலு வாய்க்குமேல் இறங்காமல், அந்தத் தட்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை அவசரமாக விழுங்கிவிட்டு, பாதி வழியில் பஸ்ஸை ஓரம் கட்டி வாந்தி எடுத்தேன். பயணிகள் பாவம், எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள்.

இப்போது அதெல்லாம் இல்லை. ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவில் ஒரு தலையணையே வைக்கலாம். முன்பு ஒரு டிக்கெட்கூட நுழையாது.

எனக்கு என்மேல் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் என் வீட்டுக்காரர்மேல்தான்.

அவர் தையல்காரர். தொளதொளத்த உடுப்பை அளவு குறைத்துப் பிடிக்கச் சொல்லி யார் வந்தாலும் பிடித்துக் கொடுப்பார், ஆனால் வெட்டமாட்டார். மிச்சத் துணியை உள்ளேயே மடித்துத் தைத்துவிடுவார்.

"உடம்புன்னா ஏறும், இறங்கும். ரெண்டு இன்ச் உள்ள இருக்கட்டும்." இருபது வருடமாக வருவோர் போவோரிடமெல்லாம் இதைச் சொல்லியே பேர் வாங்கியவர்.

டிப்போவில் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு சீருடைக் கோட் கொடுப்பார்கள். தொலைந்தது போக என்னிடம் மிஞ்சியது ஒன்று. அதை மாதாமாதம் அவரிடம் கொடுப்பேன். மறுநாள் காலையில் என் அளவுக்கு வந்து ஹேங்கரில் தொங்கும். உள்துணி வைத்த கோட் என்பதால் உள்ளே என்ன செய்திருக்கிறார் என்று வெளியே தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. இரண்டு இன்ச் இருக்கும். இவள் திரும்பப் பழையபடி ஆகிவிடுவாள் என்ற அவருடைய எண்ணத்தைத்தான் தினமும் இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் பொய் சொல்லமாட்டார், அதுதான் பயம். குறைந்த உடம்பெல்லாம் ஒரே வருடத்தில் திரும்ப வந்துவிடும் என்று ஊரே சொன்னது. ஊர் கிடக்கிறது. இந்த ஒரு மனிதர் நம்பவில்லை என்றால் எனக்குத் தாங்காது.

மணி அடித்தது. எழுந்து கொக்கியிலிருந்து கோட்டை இழுத்தேன். சுவரில் இருந்த ஆணி ஒன்று உள்துணியைப் பிடித்துக்கொண்டது. அக்குளிலிருந்து இடுப்புவரை நீளமாகக் கிழிந்தது.

மெக்கானிக் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காமலே வைத்திருந்த கேள்விக்குப் பதில் அந்தக் கிழிசலுக்குள் இருந்தது.

ஜன்னல் பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். விரலை உள்ளே விட்டு மடிப்பைத் தேடினேன்.

மடிப்பு இல்லை.

தையலை ஒட்டித் துணி நறுக்கப்பட்டு, நூல் பிரியாமல் ஓரம் அடிக்கப்பட்டிருந்தது. மிச்சம் ஒரு சுண்டுவிரல் அகலம்தான், அதுவும் தையல் நிற்பதற்காக. மறுபக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். இனி அந்தக் கோட்டை யாராலும் பெரிதாக்க முடியாது.

யாருக்கும் வெட்டாத மனிதர் எனக்கு மாதாமாதம் வெட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

கிழிந்த கோட்டை அப்படியே மாட்டிக்கொண்டேன்.

பஸ் எடுக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. போய் என் லாக்கரைத் திறந்தேன்.

அடித்தட்டில், செய்தித்தாளில் சுற்றி, தொலைந்துபோனதாக அவரிடம் சொல்லியிருந்த கோட் இருந்தது. பத்து மாதத்துக்கு முந்திய அளவு. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, அந்துருண்டை மாற்றி வைப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

போனை எடுத்தேன்.

"ஏங்க, தொலைஞ்ச கோட் கிடைச்சிருச்சு. சாயங்காலம் கொண்டு வரேன். வெட்டிடுங்க."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை.