கழட்டிப் போட்ட அலாய்

"ஊரே இரும்பு ரிம்ம கழட்டிட்டு அலாய் வீல் போடுது. இந்த ஆரிப் பாய் என்னடான்னா, அலாயக் கழட்டிட்டு இரும்பு ரிம்மு, குண்டு டயருன்னு மாட்டியிருக்கான். பொழைக்கத் தெரியாத ஆளு."

சந்திரமோகனுக்குச் சிரிப்புத் தாங்கல. ரெட்டியார்பாளையத்துல ரெண்டு பேருக்கும் எதிர் எதிர் வீடு, ஒரே மாடல் காரு. ஆரிப் கழட்டினத டயரோட அடிமாட்டு விலைக்கு வாங்கித் தன் காருல மாட்டிக்கிட்டார்.

பூசையும் போட்டார். எலுமிச்சம்பழத்த மட்டும் சக்கரத்துக்கு அடியில வெக்க விடல. சாறு தெறிச்சா பாலீஷ் போயிடுமாம்.

"வெயிட்டு கம்மி, மைலேஜ் கூடும். பிரேக்கு சூடு சீக்கிரம் ஆறும். வளைவுல வண்டி ரோட்டப் புடிச்சிக்கும். எல்லாம் குடும்பத்தோட சேஃப்டிக்குத்தான் பிரியா."

"அப்ப நாளைக்கு மாமாவ நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி தேவிப்பிரியா.

மாமான்னா சந்திரமோகனோட அப்பா சுப்பராயன். முதுகுல ஆபரேஷன் ஆனவர். பிசியோதெரபிக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். தன் கடை அந்தப் பக்கம்தான்னு ஆரிப்தான் இத்தன நாளா கூட்டிட்டுப் போறார்.

"அந்த ரோட்டுலயா? சாக்கடைக்கு நோண்டிப் போட்டிருக்கான். பள்ளத்துல எறங்குனா ரிம்மு வளைஞ்சிடும். அப்பா பாய் கூடவே போவட்டும். அது இரும்பு, தாங்கும்."

மறுநாள் காலையில ஆரிப் வாசல்ல வண்டிய நிறுத்தினார்.

"என்ன பாய், வியாபாரம் டல்லா? அலாய வித்துட்டீங்களே" என்றார் சந்திரமோகன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்று ஆரிப் பேச்ச முடிச்சிக்கிட்டு, பெரியவரக் கைத்தாங்கலா உக்கார வெச்சார்.

"இப்ப முதுகு எப்படி இருக்கு மாமா?" கதவச் சாத்த வந்த தேவிப்பிரியா கேட்டாள்.

"தேவலாம்மா. முந்தி பள்ளத்துல எறங்குனா உயிரே போவும். அந்த அலாய்க்கு டயரு மெலிசு, குலுக்கி எடுத்துடும். ஒருநாள் வலி தாங்காம கத்திட்டேன். மறுநாளே தம்பி அதக் கழட்டிட்டான்."

சந்திரமோகன் கையில துடைக்கிற துணியோட தன் காரு பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார்.

பெரியவர் ஜன்னல் வழியா மகனோட சக்கரத்த ஒருதரம் பாத்தார்.

"உனக்கு அழகாத்தாம்பா இருக்கு."