தேன்மெழுகு

கொட்டகைக் கதவுக்கு வெளியே ஏதோ மூச்சை இழுத்தது.

சூளையின் பர்னர்தான் என்று முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். நீல நெருப்பு சீராகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுபடியும் கேட்டது. கதவின் அடியிடுக்கில் கிடந்த களிமண் தூள் வெளியே பறந்தது. பிறகு உள்ளே திரும்பி வந்தது.

அதன்பின் நகங்கள் வந்தன.

வெளுத்து, வளைந்து, அவள் விரலைவிட நீளமாக.

சூளைக்குள் அவள் செய்த கரடிக் கோப்பைகள் வெந்துகொண்டிருந்தன. கைப்பிடிதான் கரடியின் கை. பிடிப்பவருக்குக் குத்தக் கூடாதென்று நகங்களை மழுக்கியிருந்தாள்.

கோப்பையின் அடியில் கிளேஸ், அதாவது பளபளப்புக்கான கண்ணாடிப் பூச்சு, இருந்தால் அது உருகி, தாங்கும் பலகையோடு ஒட்டிவிடும். அதனால் அடியில் மெழுகைப் பூசிவிட்டுத்தான் கிளேஸில் முக்குவாள். மெழுகின் மேல் கிளேஸ் நிற்காது. சூடேறும்போது மெழுகு எரிந்து, புகையாகி, மேல்துளை வழியே போய்விடும்.

எப்போதும் மெழுகுவர்த்தியைத்தான் உருக்குவாள். அது தீர்ந்திருந்தது. இந்த முறை, கோத்தகிரிச் சந்தையில் வாங்கிய தேன்மெழுகு.

மலைச்சரிவு முழுக்க இப்போது தேன் மணம்.

கரடிக்குக் கண் மந்தம். மூக்கு அப்படியில்லை. கோப்பைக்காகப் படங்களைத் தேடியபோது படித்திருந்தாள். மிரண்டால் எதிரே இருப்பவரின் முகத்தில் பாயும் என்பதையும்.

நகங்கள் பலகையைப் பிறாண்டின. ஒரு சிராய் உள்ளே விழுந்தது.

கத்த வாயைத் திறந்தாள்.

"அண்ணியோவ்! மண்ணு கரடிக்குத் தேன் வேற ஊட்டறீங்களா? கீழ வரைக்கும் மணக்குது!"

பூங்கோதை. கணவனின் தங்கை. மதியச் சாப்பாட்டோடு மேலேறி வருகிறாள்.

பிறாண்டல் நின்றது.

கத்தினால் கரடி மிரளும். அது திரும்பினால் எதிரே பாதை. பாதையில் பூங்கோதை.

திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மேசையில் மிச்ச மெழுகு ஒரு கட்டி இருந்தது. எடுத்துச் சூளையருகே பிடித்தாள். விரல் சுட்டது. விடவில்லை. ஓரம் இளகி மணம் ஏறியதும், பின்சுவர் ஜன்னலைத் திறந்து வெளியே எறிந்தாள்.

காத்திருந்தாள்.

மூச்சிழுக்கும் சத்தம் கதவை விட்டு நகர்ந்தது. சுவரோரமாக, நின்று நின்று, கொட்டகையின் பின்பக்கம் போயிற்று.

தாழ்ப்பாளை ஓசையில்லாமல் விலக்கினாள்.

பாதை வளைவு வரை தெரிந்தது.

யாரும் இல்லை.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு குறுக்குவழி உண்டு. பின்பக்கமாக வந்து ஏறும். மழையில் வழுக்குமென்று யாரும் அதில் வருவதில்லை.

இன்று நல்ல வெயில்.

"அண்ணி," பின்பக்கமிருந்து பூங்கோதை கூப்பிட்டாள். "இதை எதுக்கு வெளிய வீசினீங்க? எடுத்தா கையெல்லாம் பிசுபிசுங்குது."